கூட்டுக்குள் ஒரு விரல்

மூன்று வாரமாகிறது. அந்தச் சுட்டுவிரல் கண்ணுக்குள்ளேயே நிற்கிறது.

செங்கல்பட்டுப் பக்கம் ஓர் ஏரிக்கரை. ஞாயிறுதோறும் காலை 6 மணிக்குப் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு நடப்பேன். யாரும் சம்பளம் தருவதில்லை, நானும் கேட்டதில்லை. அன்று பனைமரத்தடியில் பாதி கட்டிய தூக்கணாங்குருவிக் கூடு ஒன்று விழுந்து கிடந்தது, கவிழ்த்த தொப்பி மாதிரி. ஆண் குருவி இந்த அளவுக்குக் கட்டிவிட்டுப் பெட்டையை அழைக்கும். அது வந்து பார்த்து ஒப்புக்கொண்டால்தான் மிச்ச வேலை. இதை நான் சொல்லிக்கொண்டிருக்கும்போதே ஒன்பது வயதுப் பையன் ஒருவன் கூட்டுக்குள் விரலை விட்டு, உள்ளே அப்பியிருந்த காய்ந்த களிமண்ணைத் தடவினான்.

“சார், மின்மினி எங்க? வெளிச்சத்துக்கு குருவி இந்த மண்ணுலதான் ஒட்டி வச்சிருக்கும்னு ஆயா சொல்லிச்சு.”

“அதெல்லாம் சும்மா கதைப்பா” என்றேன்.

விரலை வெளியே எடுத்தான். சட்டையில் துடைத்துக்கொண்டான். அப்புறம் ஒன்றும் கேட்கவில்லை.

என் பாட்டியும் இதையேதான் சொல்லியிருந்தார். எங்கள் கிணற்றுமேட்டு ஈச்சமரத்தில் கூடுகள் தொங்கும். கரண்ட் போன இரவுகளில் அங்கே வெளிச்சம் தெரிகிறதா என்று திண்ணையிலிருந்தே பார்ப்பேன். ஒருநாளும் தெரிந்ததில்லை. ஆனால் அந்தப் பார்வை பகலிலும் தொடர்ந்தது. குருவி ஓலையில் அலகால் ஒரு வெட்டுப் போட்டு, நுனியைக் கவ்வியபடியே பறந்து நாராகக் கிழிக்கும் வித்தையை அப்படித்தான் கண்டேன். பொய்யான ஒன்றைத் தேடிப் போய்க் கண்ட நிஜம் அது.

பறவையியலாளர் சலீம் அலியின் தன்வரலாற்றைக் கல்லூரி நூலகத்தில் படித்தேன். பாதி மறந்துவிட்டது. தான் சுட்ட மஞ்சள் தொண்டைச் சிட்டைத் தூக்கிக்கொண்டு சிறுவன் சலீம் பம்பாய் இயற்கை வரலாற்றுக் கழகத்துக்குப் போனதும், அங்கே மில்லார்ட் என்ற வெள்ளைக்காரர் பாடம் செய்த பறவைகளை எடுத்து எடுத்துக் காட்டியதும் மறக்கவில்லை. பிற்பாடு இதே தூக்கணாங்குருவியைக் கீஹிம் கிராமத்தில் உட்கார்ந்து நாள்கணக்கில் கவனித்தவர் சலீம் அலி. அன்று மில்லார்டுக்குப் பொறுமை இல்லாமல் போயிருந்தால்?

இந்த நடையில் உனக்கு என்ன கிடைக்கிறது என்று வீட்டில் கேட்பார்கள். பிள்ளைகளின் கேள்விதான் கிடைக்கிறது. அதற்காகத்தான் ஞாயிற்றுக்கிழமைத் தூக்கத்தை விடுகிறேன். கைக்கு வந்த ஒன்றை அன்று நானே தட்டிவிட்டேன்.

மின்மினி உண்டு என்று சொல்லியிருக்க முடியாது. காற்றில் கூடு ஆடாமலிருக்கக் களிமண் என்பார்கள். அதிலும் ஆராய்ந்தவர்களிடையே ஒருமித்த முடிவில்லை. “ராத்திரி வந்து பார்ப்போமா?” என்றாவது கேட்டிருக்கலாம். இல்லாதது என்று தெரிந்த ஒன்றைப் பார்க்க அழைப்பது அவனை ஏய்ப்பதாகாதா? மூன்று வாரமாக எனக்கு விடை கிடைக்கவில்லை.

அவன் ஞாயிறு தவறாமல் வருகிறான். வரிசையில் கடைசியாக நடக்கிறான்.