கழுவினால் போவதும் போகாததும்

வயோதிபர் இல்லமொன்றில் முதல் நாள் வேலை. மலம் படிந்த படுக்கைவிரிப்பை மாற்றச் சொன்னார்கள். இரண்டு சோடிக் கையுறைகளை ஒன்றன்மேல் ஒன்றாகப் போட்டுக்கொண்டோம். அறைக்கு வந்து தலைமுழுகினோம். சோறு இறங்கவில்லை. என்ன வருத்தம் தொற்றுமோ என்ற பயம். 1980களின் இறுதியில் ஐரோப்பாவுக்கு அகதிகளாக வந்த எங்களில் பலருக்கு இப்படியொரு முதல் நாள் உண்டு. ஊருக்கு எழுதிய கடிதங்களில் மட்டும் அது இல்லை. 'கம்பனி ஒன்றில் வேலை' என்றுதான் எழுதினோம்.

அந்தப் பயம் பொய்யல்ல. வாந்திபேதியும் நெருப்புக்காய்ச்சலும் மலத்திலிருந்தே பரவுகின்றன. 1854இல் லண்டன் புரோட் வீதியில் வாந்திபேதி பரவியபோது, அங்கிருந்த தெருக்குழாயின் தண்ணீரே காரணம் என்று ஜோன் ஸ்நோ எடுத்துக் காட்டினார். ஆனால் மலம் தோலில் பட்டவுடன் இந்த நோய்கள் வந்துவிடுவதில்லை. கை வாய்க்குப் போகவேண்டும். அல்லது தண்ணீரிலோ சாப்பாட்டிலோ கலக்கவேண்டும். சவர்க்காரம் போட்டுக் கையைக் கழுவினால் பெரும்பாலும் தப்பலாம். வேலையிடத்தில் இதைச் சொல்லித் தந்தார்கள். எங்கள் பயம் மெல்லக் குறைந்தது.

பயம் குறைந்த பிறகுதான் பழைய கேள்வியொன்று எழுந்தது.

யாழ்ப்பாண நகரத்தில் வாளிக் கக்கூஸ் இருந்த காலத்தில், விடியப்புறம் பின் ஒழுங்கையால் ஒருவர் வருவார். வெறுங்கை, வெறுங்கால். கொக்கிப்புழு வெறுங்காலின் தோலைத் துளைத்தே உடம்புக்குள் போகிறது. உண்மையான ஆபத்து அவருக்குத்தான். அவருக்கு ஒரு சோடிச் செருப்பு வேண்டுமென்று எங்கள் வீடுகளில் யார் நினைத்தார்கள்? தண்ணீர் கேட்டால் எட்ட நின்று அவர் கைகளில் ஊற்றினோம். தொற்றுக்குப் பயந்து என்று சொல்லலாமா? அப்படியானால், வாளியையே தொட்டிராதவர்களை 1968இல் மாவிட்டபுரம் கோயில் வாசலில் மறித்தபோது எந்தக் கிருமிக்குப் பயந்தோம்? எந்தக் கிருமி தகப்பனின் தொழிலிலிருந்து பள்ளிக்கூடம் போகும் பிள்ளைக்குத் தொற்றுகிறது?

கிருமி ஆள் பார்த்துத் தொற்றுவதில்லை. நாங்கள்தான் ஆள் பார்த்துப் பயந்தோம்.

இதற்குச் சாட்சி வேறெங்கும் தேடவேண்டியதில்லை. எங்கள் கைகளே போதும். அவர் தொட்டதைத்தான் நாங்களும் தொட்டோம். அந்தச் சம்பளம் சகோதரிகளின் சீதனமாகவும் கோயில் திருப்பணியாகவும் ஊருக்குப் போனது. ஒருவரும் தீட்டு என்று திருப்பி அனுப்பவில்லை. விடுமுறையில் போன எங்களுக்கு வெள்ளிச் செம்பில் தண்ணீர் தந்தார்கள். தீட்டு மலத்தில் இருக்கவில்லை என்பதை அந்தச் செம்பே சொல்லியிருக்கவேண்டும்.

சொன்னது எங்களுக்குக் கேட்கவில்லை. பிள்ளைக்குக் கல்யாணம் பேசும்போது, 'அவையள் என்ன ஆக்கள்?' என்று இன்றைக்கும் விசாரிக்கிறோம். பகல் முழுவதும் கையுறைக்குள் இருந்த கையால்தான் அந்தத் தொலைபேசியைப் பிடித்திருக்கிறோம்.