உயரம், வயது, கடிகாரம்

எங்கள் வங்கி ஊழியர்களின் விளையாட்டுப் போட்டியில் இந்த ஆண்டு 50 மீட்டர் பிரீஸ்டைலில் எனக்கு முதல் பரிசு. '35 வயதுக்கு மேற்பட்டோர்' பிரிவு. எனக்கு வயது 36. நீந்தியவர்கள் மூன்று பேர். பரிசை வாங்கிக்கொண்டு வந்து உட்கார்ந்தபோது, பொதுப் பிரிவில் தோற்றிருந்த காசாளர் இளைஞர், என்னைப் போலவே ஐந்தேகால் அடி ஆசாமி, சிரித்துக்கொண்டே கேட்டார்: "ஏனுங்க சார், வயசானவங்களுக்கு ஒரு பிரிவு வெச்சிருக்கறாங்க. குட்டையானவங்களுக்கு ஒண்ணு வெக்கலீங்களே?"

விளையாட்டாகக் கேட்டதுதான். என்னிடம் பதில் இல்லை. பதில் இல்லாததுதான் என்னை உறுத்திக்கொண்டிருக்கிறது.

நீரின் மேற்பரப்பில் நகரும் எந்தப் பொருளும் அலை எழுப்புகிறது. வேகம் கூடக்கூட அந்த அலையின் நீளமும் கூடுகிறது. அது உடலின் நீளத்தை எட்டும்போது, நீந்துகிறவன் தானே எழுப்பிய அலையின் பள்ளத்தில் சிக்கி, தன் அலை மீதே ஏறப் பிரயத்தனப்படுகிறவனாகிறான். நீண்ட உடலுக்கு இந்தச் சங்கடம் தாமதமாக வருகிறது. கப்பல்களை வைத்து வில்லியம் ஃப்ரூட் என்ற ஆங்கிலேயப் பொறியாளர் 19ஆம் நூற்றாண்டில் ஆராய்ந்த விஷயம் இது. இந்த எல்லை வேகம் நீளத்தின் வர்க்கமூலத்தைப் பொறுத்தது. 190 செ.மீ. உடலுக்கும் 160 செ.மீ. உடலுக்கும் இடையே, இந்தக் கணக்குப்படி, சுமார் 9 சதவீத வித்தியாசம் வருகிறது. மனிதன் கப்பல் அல்ல. கையை நீட்டித் தன் நீளத்தைக் கூட்டிக்கொள்கிறான்; எல்லையை மீறியும் நீந்துகிறான். இருந்தாலும் 2009இல் 50 மீட்டரை 20.91 வினாடியில் கடந்த பிரேஸிலின் சியேலோவின் உயரம் 195 செ.மீ. 2024 பாரிஸ் ஒலிம்பிக்கில் 100 மீட்டரை 46.40 வினாடியில் நீந்திய சீனாவின் பான் ஜான்லே 189 செ.மீ. அதே பாரிஸில் 50 மீட்டர் தங்கம் வென்ற ஆஸ்திரேலியாவின் மெக்இவாய் 185 செ.மீ. இந்தக் கூட்டத்தில் அவர் குட்டை!

வயதின் கதை வேறு. 1932இல் லாஸ் ஏஞ்சல்ஸில் 100 மீட்டரை வென்ற ஜப்பானியன் மியாசாகிக்கு வயது 15. அமெரிக்காவின் அந்தோணி எர்வின் 50 மீட்டர் தங்கத்தை 2000இல் 19 வயதில் (இன்னொருவருடன் பகிர்ந்து) வாங்கினார். 2016இல் 35 வயதில் மறுபடியும் வாங்கினார். டாரா டாரெஸ் 2008இல் 41 வயதில், 0.01 வினாடியில் தங்கத்தை இழந்து வெள்ளி பெற்றார். குறுந்தூர நீச்சலில் வயது கொஞ்சம் கருணை காட்டும். உயரம் அவ்வளவு கூடக் காட்டுவதில்லை. ஆனால் மூத்தோருக்கான சர்வதேசப் போட்டிகளில் 25 வயதிலிருந்தே ஐந்தைந்து ஆண்டுகளாகப் பிரிவுகள் உண்டு. உயரத்துக்கு ஒரு பிரிவும் கிடையாது. குத்துச்சண்டையில் எடைக்குப் பிரிவு இருப்பதும் நினைவுக்கு வருகிறது.

இந்த அபத்தத்துக்கு எனக்குத் தோன்றும் காரணம் இது. வயது எல்லோருக்கும் வருவது. விதிகளைச் செய்கிற கமிட்டிக்காரருக்கும் நரைக்கும். வயதுக்குச் சலுகை தரும்போது நாம் நமக்கே முன்கூட்டித் தந்துகொள்கிறோம். உயரக்குறைவு அடுத்தவனுடைய துரதிருஷ்டம். அதை இயற்கை என்று சொல்லிவிட்டு நகர்வதில் ஒரு சௌகரியம் இருக்கிறது.

ஆனால் அது இயற்கைதானா? 1896இல் பிறந்த தென்கொரியப் பெண்களைவிட 1996இல் பிறந்தவர்கள் சராசரியாக 20 செ.மீ. உயரம். நூறு வருஷத்தில் ரத்தம் மாறவில்லை. சோறு மாறியது, நோய் குறைந்தது. சோளச் சோற்றையும் அரை வயிற்றுக்கே தின்று வளர்ந்த என் பாட்டி நாலரை அடியைத் தாண்டவில்லை. 1956இல் காமராஜர் தொடங்கிய மதிய உணவும், 1982இல் எம்.ஜி.ஆர். விரிவாக்கிய சத்துணவும் எத்தனை உடல்களில் எத்தனை அங்குலமாக இருக்கின்றன என்று யாராவது அளந்தால் தேவலை. தமிழ்நாட்டுக் காவலர் தேர்வில் ஆண்களுக்கு 170 செ.மீ. வேண்டும், தாழ்த்தப்பட்ட, பழங்குடி வகுப்பினருக்கு 167 போதும். உயரம் இயற்கை மட்டுமல்ல, வரலாறும்தான் என்று அரசாங்கமே எழுதிக்கொடுத்த ஒப்புதலாக அந்த 3 செ.மீ.யை நான் வாசிக்கிறேன். ஒரு தனிமனிதனுக்கு விதியாகத் தெரியும் உயரம், ஒரு ஜனக்கூட்டத்துக்கு வயதைப் போன்றது. காலத்தில் நடக்கிற விஷயம்.

அப்படியானால் குட்டையானவர்களுக்கும் ஒரு பிரிவு வைத்துவிடலாமா? இங்கே என் கை தயங்குகிறது. காரணம் நீச்சல் அல்ல.

நாலைந்து வருஷங்களுக்கு முன் ஒரு கவிதைத் தொகுதிக்கு மதிப்புரை எழுதினேன். கவிஞர் தாராபுரம் பக்கம். குடும்பத்தில் முதன்முதலாகப் பள்ளிக்கூடம் போனவர். 'இந்தப் பின்னணியில் பார்க்கும்போது குறிப்பிடத்தக்க முயற்சி' என்று முடித்திருந்தேன். பெருந்தன்மை என்று அதை நம்பினேன். அவரிடமிருந்து கார்டு வந்தது. ஒரே வாக்கியம்: "கவிதை நல்லா இல்லைன்னே எழுதியிருக்கலாமுங்க." நான் அவருக்குத் தனிப் பிரிவு வைத்து அதில் முதல் பரிசு கொடுத்திருக்கிறேன். தீர்ப்பைச் சொல்லும் தைரியமில்லாமல் அனுதாபத்துக்குள் ஒளிந்துகொண்டிருக்கிறேன்.

2018 ஆசிய விளையாட்டில் 50 மீட்டர் வெண்கலத்தை வீர்தவல் காடே இழந்தது 0.01 வினாடியில். அப்போது அவர் மகாராஷ்டிரத்தில் தாசில்தார். அந்த நூற்றில் ஒரு பங்கு எதனால் போயிற்று - விரல் நீளமா, ஆபீஸ் வேலையில் போன நாட்களா - கடிகாரம் சொல்லாது. அது சொல்வது ஒன்றே ஒன்று. அதைச் சரியாகச் சொல்கிறது. கடிகாரத்தின் எண்ணைத் தகுதி என்று நாம் படிக்கும்போதுதான் பொய் தொடங்குகிறது. அந்த எண்ணை வைத்துத்தான் ரயில்வேயிலும் வங்கியிலும் விளையாட்டு ஒதுக்கீட்டில் வேலை தருகிறோம் என்பதால் அது சாதாரணப் பொய்யும் அல்ல. எண்ணைத் திருத்தக் கூடாது. எண் இப்படி ஏன் வந்தது என்ற கேள்வியைக் கைவிடவும் கூடாது. முதலாவதை நீந்தியவனிடம் மறைக்காமல் சொல்ல வேண்டும். இரண்டாவதை அவனிடம் கேட்கக் கூடாது. உலைக்கு அரிசி அளந்தவர்களிடம் கேட்க வேண்டும். நான் மதிப்புரையில் இரண்டையும் கலந்து, கவிஞருக்கும் அவர் பாட்டிக்கும் ஒரே சமயத்தில் துரோகம் செய்தேன்.

நான் நீந்தக் கற்றது காங்கயம் பக்கத்தில் எங்கள் தோட்டத்துக் கிணற்றில், இடுப்பில் சுரைப்புருடை கட்டிக்கொண்டு. யாரிடமும் கடிகாரம் இல்லை. நெட்டையும் குட்டையும் தெரியவில்லை. அது சமத்துவம் அல்ல, அளக்காதது மட்டுமே. இப்போது அந்தக் கிணற்றில் தண்ணீரும் இல்லை.

சான்றிதழில் 'முதல் இடம்' என்று அச்சிட்டிருக்கிறது. நேரம் போடவில்லை. பென்சிலால் ஓரத்தில் எழுதி வைத்தேன்: 44.6 வினாடி. பொதுப் பிரிவில் தோற்ற காசாளர் இளைஞரின் நேரம் 38. அவரிடம் அதைச் சொன்னேன். அந்தக் கவிஞருக்கு இன்னும் பதில் எழுதவில்லை. தொகுதியை மறுபடி எடுத்து வைத்திருக்கிறேன்.