கேள்விக்குப் பின்வரும் அமைதி

ஆசிரியர் கேள்வி கேட்டு முடித்த கணத்திற்கும், விடை வராதபோது வேறொரு மாணவரை அழைக்க முற்படும் கணத்திற்கும் இடையிலான அமைதியைக் கல்வியியலில் 'காத்திருப்பு நேரம்' என்பர். அமெரிக்க அறிவியல் வகுப்பறைகளின் ஒலிப்பதிவுகளை ஆராய்ந்த மேரி பட் ரோ, அது சராசரியாக ஒரு விநாடியளவே நீடித்ததையும், 3 விநாடிக்கு மேல் நீட்டிக்கப்பட்டபோது விடைகள் நீண்டு, காரணம் கூறுவனவாக மாறியதையும் 1970-களில் வெளியிட்ட ஆய்வுகளில் காட்டினார். பின்தங்கியோர் என ஆசிரியர்கள் கருதியிருந்த மாணவர்களும் அந்த அமைதியில் பேசத் தொடங்கினர் என்பதே அவ்வாய்வின் மிக மதிப்புமிக்க பகுதி. மாணவர் பேசி நிறுத்திய பின்னரும் ஆசிரியர் சற்றுப் பொறுத்திருப்பது காத்திருப்பு நேரத்தின் இரண்டாம் வகை. நடைமுறையில் அதுவே பெரிதும் மறக்கப்படுகிறது. உடனுக்குடன் சொல்லப்படும் 'நன்று' என்ற பாராட்டுகூட, இன்னும் தொடரவிருந்த ஒரு குழந்தையின் விளக்கத்தைப் பாதியிலேயே முடித்துவிடக்கூடும்.