மணமேடையும் தேயிலைச் சரிவும்

திருமணம் நிகழும் இடத்தை ஊரறியத் தெரிவிப்பது நம்மவர் வழக்கம். அழைப்பிதழில் மணமக்களின் பெயருக்கு அடுத்துக் கண் தேடுவது மண்டபத்தின் பெயரையே. இன்று அவ்விடம் விற்பனைப் பொருளாகியுள்ளது. அது விலைபோகும் சந்தை கைத்தொலைபேசியின் திரையாகியுள்ளது. 2010 ஆம் ஆண்டில் தோன்றி, 2012 இல் பேஸ்புக் நிறுவனத்தின் உடைமையான இன்ஸ்டகிராம், சொல்லினும் படத்தையே பெரிதும் நம்பும் ஊடகமாகும். மண்டபத்தார் அதில் வாடகையை முதலிற் கூறுவதில்லை. பனி தவழும் மலையையும் நீர்ப்பரப்பையும் மலர்வளைவையும் காட்டி, 'அங்கே நாமும் நிற்க வேண்டும்' என்னும் விழைவை முதலில் எழுப்புகின்றனர். விலைப்பேச்சு அதன் பின்னரே. விழா முடிந்ததும் மணமக்கள் தாமே பகிரும் படங்கள் மண்டபத்தாருக்குச் செலவில்லாத விளம்பரமாகின்றன.

மலையகம் இச்சந்தைக்கு வாய்ப்பான நிலமாயிற்று. கந்தப்பளையில் ஹெதர்செட் தேயிலைத் தொழிற்சாலை 1996 இல் விடுதியாக மாற்றப்பட்டது. 2005 இல் காசல்ரீ, நோர்வூட் பகுதிகளின் பழைய துரைமார் பங்களாக்கள் சில 'சிலோன் டீ ட்ரெயில்ஸ்' என்னும் பெயரில் விருந்தினருக்குத் திறக்கப்பட்டன. நோட்டன் பிரிட்ஜிலிருந்து ஹற்றன்வரை செல்லும் எவரும் அந்நிலப்பரப்பின் வனப்பை மறுக்கமாட்டார். ஆண்டின் நடுவே தென்மேற் பருவமழை அங்கு எவ்வாறு கொட்டும் என்பதைப் படங்கள் சொல்வதில்லை. அது வாடகைக்கு எடுப்போரின் கவலை, பெரிய அறப்பிரச்சினை அன்று.

பிரச்சினை வேறிடத்தில் உள்ளது. 'இயற்கையின் மடியில் மணவிழா' என்று விற்கப்படும் அக்காட்சியில் இயற்கை எவ்வளவு? காடு கோப்பிக்காக அழிக்கப்பட்டது. கோப்பி நோயால் மடிந்தபின் தேயிலை நடப்பட்டது. படத்தின் அடியில் மின்னும் நீரும் அவ்வாறே. காசல்ரீ நீர்த்தேக்கத்தின் நீர் நோட்டன் பிரிட்ஜிலுள்ள விமலசுரேந்திர மின்நிலையத்தை இயக்கி, நோட்டன் குளத்திற் சேர்ந்து, பின் லக்சபானாவிற் சுழலிகளைச் சுழற்றுகின்றது. அயலிலுள்ள மவுசாக்கலை நீர்த்தேக்கத்தின் கீழே பழைய மஸ்கெலியா நகரம் கிடக்கின்றது. கடும் வறட்சியில் கோயிலின் எச்சங்கள் வெளித்தெரிவதுண்டு. தேயிலைச் செடியும் தன்போக்கில் விடப்பட்டால் மரமாய் ஓங்கிவிடும். கவ்வாத்துக் கத்தியும் கொழுந்தெடுக்கும் விரல்களும் தடுத்து வைப்பதனாலேயே அது மணமகளின் இடுப்பளவில் பச்சைக் கம்பளமாய் நிற்கின்றது. ஆகவே அவ்வழகு உழைப்பின் வடிவம்.

அவ்வாறாயின், அவ்வுழைப்பாளர் வாழும் லயத்தைச் சட்டகத்துக்கு வெளியே தள்ளுவது பொய்யாகுமா? ஆகாது என்று வாதிடலாம். எந்தப் படமும் எதையேனும் விடுத்தே எடுக்கப்படும். கலியாண வீட்டில் வாசலிற் கோலமும் வாழைமரமும் இருக்கும். கொல்லைப்புறத்து அடுப்புப் புகையை எவரும் அழைப்பிதழில் அச்சிடுவதில்லை. இவ்வாதத்தில் நியாயமுண்டு. ஆயினும் கொல்லையில் அடுப்பூதுபவர் பந்தியின் முடிவிலேனும் இலையில் அமர்வார் என்பதை நாம் மறத்தலாகாது. லயத்தார்க்கு அப்பந்தியில் இலை உண்டா? நாட்கூலி ஆயிரம் ரூபாவாக வேண்டுமென அவர்கள் பல ஆண்டுகள் போராடியபின், 2021 மார்ச்சிலேயே அத்தொகை வர்த்தமானியில் வெளியாயிற்று. மண்டப விலைப்பட்டியலோடு அதனை ஒப்பிட எவரும் துணிவதில்லை.

மறைப்பதிலும் கடினமானது காட்டுவது. சில படங்களில் மணமக்களுக்குப் பின்னே கூடை சுமந்த பெண்கள் நிற்கின்றனர். இது புதிய வழக்கமன்று. பத்தொன்பதாம் நூற்றாண்டின் இறுதியிலேயே சிலோன் தேயிலையின் விளம்பரங்களிற் கொழுந்தெடுக்கும் தமிழ்ப் பெண்ணின் உருவம் உலகெங்கும் சென்றது. பெயர் மட்டும் உடன் செல்லவில்லை. அன்றைய ஓவியத்தில் இருந்தவள் எவளுமாகலாம். இன்றைய படத்தில் இருப்பவளோ குறித்த ஒருத்தி. அயலாருக்குத் தன் முகத்தால் அடையாளம் தெரிபவள். அவளிடம் கேட்டார்களா? கேட்டபோது, துரையின் விருந்தினருக்கு 'வேண்டாம்' என்று சொல்லும் நிலை அவளுக்கு இருந்ததா? சம்மதம் பெறுவதோடு கடமை தீர்ந்தது என்பவர் இவ்விரண்டாம் வினாவைத் தாண்டிச் செல்ல இயலாது. மறுக்க முடியாதவள் தந்த சம்மதம் அரைச் சம்மதமே.

விடுதிகளால் வேலை கிடைக்கின்றது என்பதும் உண்மை. சமையற்கட்டிலும் தோட்டத்திலும் வாகனத்திலும் லயத்து இளைஞர் பலர் பிழைக்கின்றனர். அவர்களைப் பார்த்து 'இவ்விளம்பரம் நிற்கட்டும்' என்று நகரத்தில் இருந்துகொண்டு கூறுவது எளிது, பொறுப்பற்றதும்கூட. விற்பனை நிற்கவேண்டியதில்லை. கொழுந்துக்குக் கூலி உண்டென்றால், அக்கொழுந்து நிற்கும் காட்சிக்கும், அதிற் பதியும் முகத்துக்கும் ஒரு பங்கு உண்டென்று கேட்பதில் என்ன விந்தை? படத்திற்கு நிற்க மறுப்பவள் மறுநாட் பெரட்டில் அதற்காகக் கடிந்துகொள்ளப்படாமல் இருப்பதும் அப்பங்கில் அடங்கும்.

லயத்திற் பிறந்தோரும் தம் திருமணப் படங்களை அதே சரிவுகளில் எடுத்துக்கொள்கின்றனர். அதே பச்சை, அதே பனி. பகிரப்படுவதும் அதே தளத்தில். படம் பிடிப்பவர் மணமகளை இன்னும் இரண்டடி உள்ளே நகரச் சொன்னால், அருகில் நிற்கும் தாய் முதலிற் பார்ப்பது செடியைத்தான். அது அவள் நாளை எடுக்கவேண்டிய கொழுந்து.