பந்துகளின் வழியே சென்ற அடி

கங்கையின் மேற்குக் கரையில் உள்ள ஹௌராவில் சிறு எந்திரப் பட்டறைகள் ஏராளம். அத்தகைய பட்டறை ஒன்றுக்கு, தச்சர் ஒருவர் தமது பழைய துளையிடும் எந்திரத்தைப் பழுதுபார்க்கக் கொண்டுவருகிறார் என்று வைத்துக்கொள்வோம். வார்ப்பிரும்பால் ஆன உறுதியான உடல். அவருடைய தந்தை காலத்து எந்திரம். ஓடும்போது கரகரவென்று ஓசை எழுகிறது. துளை நேராக இறங்காமல் தள்ளாடி, அளவுக்கு மீறி அகன்றுவிடுகிறது. ஸ்பிண்டிலைத் தாங்கும் பேரிங்குகள் தேய்ந்துவிட்டன என்பதற்கு இவை அடையாளங்கள்.

பட்டறையில் தொழில் பழகும் இளைஞன் வேலையைத் தொடங்குகிறான். மின் இணைப்பைத் துண்டித்து, பெல்ட்டையும் சக்கையும் கழற்றுகிறான். கைப்பிடியை மேலே திருப்பும் சுருள்வில்லை மெள்ளத் தளர்த்துகிறான். அதை அவசரமாக விட்டவர்களின் விரல்கள் அந்தப் பாடத்தை மறப்பதில்லை. பிறகு ஸ்பிண்டில் அதன் உருளை உறையோடு வெளியே வருகிறது. மேலொன்று, கீழொன்று என இரு பேரிங்குகள். அவற்றைச் சுத்தியலால் தட்டியே கழற்றிவிடுகிறான். அதில் தவறில்லை, அவை குப்பைக்குப் போகிறவை.

புதியவற்றைப் பொருத்துவதில்தான் நுட்பம் இருக்கிறது. பேரிங்கில் உள்வளையம், வெளிவளையம், இரண்டிற்கும் இடையில் எஃகுப் பந்துகள் உள்ளன. ஸ்பிண்டிலின்மீது இறுகப் பற்ற வேண்டியது உள்வளையம். ஆதலால் விசை முழுவதும் உள்வளையத்தின்மீதே விழுமாறு, அதற்கேற்ற குழாயை வைத்துத் தட்ட வேண்டும். வெளிவளையத்தின்மீது தட்டினாலும் பேரிங் இறங்கத்தான் செய்யும். ஆனால் அந்த அடி பந்துகளின் வழியே கடந்து செல்கிறது; பந்துகள் தாம் ஓடும் தடத்தில் நுண்ணிய பள்ளங்களைப் பதித்துவிடுகின்றன. எஃகுக் குண்டை அழுத்தி, அது பதிக்கும் குழியின் அளவைக் கொண்டு உலோகத்தின் கடினத்தை அறியும் முறையை 1900-ஆம் ஆண்டில் அளித்தவர் ஸ்வீடன் நாட்டுப் பொறியாளர் பிரினெல். அவர் பெயராலேயே இச்சேதமும் அழைக்கப்படுகிறது. பந்தின் விட்டத்தில் 10,000-இல் ஒரு பங்கு அளவுக்கு நிலையான பதிவை உண்டாக்கும் சுமையே, அசையாத பேரிங் தாங்கக்கூடிய சுமைக்கு அளவுகோலாகக் கொள்ளப்படுகிறது. 17 மில்லிமீட்டர் துளையுள்ள 6203 எண் பேரிங்கில் பந்து ஏழு மில்லிமீட்டர்கூட இல்லை. அப்படியானால் அந்தப் பதிவு எவ்வளவு சிறியது!

இளைஞன் கைக்குக் கிடைத்த குழாயை வைத்து நான்கு அடி அடிக்கிறான். பிறகுதான் கவனிக்கிறான்: குழாய் வெளிவளையத்தின்மீது இருந்திருக்கிறது. கையால் சுழற்றிப் பார்க்கிறான், வழுக்கிக்கொண்டு சுழல்கிறது. பட்டறையில் வேறு யாரும் இல்லை. மாலையில் தச்சர் வருவார், மகிழ்ச்சியோடு கொண்டுபோவார். ஓசை மீண்டும் எழுந்தால், அது சில மாதங்களோ ஆண்டுகளோ கழிந்த பின்னர். அப்போது எவரும் இந்த நான்கு அடிகளை நினைக்கப் போவதில்லை.

செயல் முடிந்துவிட்டது, பலன் இன்னும் வரவில்லை. இடையில் என்ன இருக்கிறது?

மீமாம்சகர்கள் இக்கேள்வியை வேள்வியை முன்னிட்டு எழுப்பினார்கள். யாகம் இன்றே முடிந்து மறைகிறது. சுவர்க்கமோ பின்னர் கிட்டுவது. மறைந்த செயல் எவ்வாறு பலன் தரும்? இரண்டையும் இணைக்கும் கண்ணுக்குப் புலனாகாத ஆற்றலை அவர்கள் ‘அபூர்வம்’ என்றனர். இன்று நாம் ‘அரிது’ என்ற பொருளில் வழங்கும் இச்சொல்லுக்கு அங்கே ‘முன்பு இல்லாதிருந்தது’ என்று பொருள். ஜடமான அபூர்வம் தானாகவே பலனை அளிக்க முடியாது என்று சங்கரர் மறுத்தது தனி விவாதம். தடத்தில் பதிந்த பள்ளத்தை அபூர்வத்தோடு முழுவதும் ஒப்பிடவும் இயலாது. பள்ளத்தைக் கருவியால் காணலாம், அபூர்வத்தை எக்கருவியாலும் காண முடியாது.

எனினும் மீமாம்சை கூறும் இன்னொரு செய்தி இங்கே மிகவும் பொருந்துகிறது. வேள்வியைச் செய்து முடிப்பவர்கள் தட்சிணை பெறும் ரித்விக்குகள். பலன் சேர்வதோ யஜமானனுக்கு. அதாவது, ஒருவரின் கை பிசகினால் வேறொருவரின் பலன் குறைகிறது. பட்டறையிலும் இதுவே நிலை. கூலி இளைஞனுக்கு, பள்ளம் தச்சருக்கு. ‘வினை விதைத்தவன் வினை அறுப்பான்’ என்று நாம் எளிதாகச் சொல்லிவிடுகிறோம். பிறருக்காகக் கூலிக்குச் செய்யும் வேலைகளில், கண்ணுக்குத் தெரிந்தவரை, அறுப்பவர் பெரும்பாலும் விதைத்தவர் அல்லர். மருந்து கலப்பவர், பாலத்துக்குக் கம்பி கட்டுபவர், மொழிபெயர்ப்பவர் என யாவரும் இந்த வரிசையில் நிற்பவர்களே. இதனால்தான் போலும், வேள்வியில் பிழைகளைக் கண்காணிக்க ‘பிரம்மா’ என்றொரு ரித்விக்கை அமர்த்தி, வேள்வி முடிவதற்குள்ளேயே பிராயச்சித்தம் செய்துவிட விதித்தார்கள்.

இளைஞன் தரப்பிலும் ஒரு நியாயம் உண்டு. அடி மெல்லியதாக இருந்திருக்கலாம். பள்ளமே விழாமலும் இருக்கலாம். மரத்தில் அவ்வப்போது துளையிடும் எந்திரத்தில் அது வாழ்நாள் முழுவதும் வெளிப்படாமலே போகலாம். அப்படியானால் தீங்கு எங்கே? இவ்வாதத்தை அற்பமென்று தள்ளிவிட முடியாது. ஆனால் இந்த ‘இருக்கலாம்’களை எடைபோடும் உரிமை யாருக்கு என்பதை அது கேட்கவில்லை. எந்திரம் தச்சருடையது, ஆபத்தும் அவருடையது. தெரியாததனால் அவர் எதையும் தீர்மானிக்க இயலாதவராகிறார். மௌனம் பறிப்பது அதைத்தான். பள்ளம் விழாமல் இருந்திருந்தாலும் அது பறித்ததே.

வேறு பேரிங் வாங்கினால் அன்றைய கூலியில் ஒரு பகுதி போய்விடும். அதைவிடக் கடினம், தவறை வாய்விட்டுச் சொல்வது. இரண்டில் எதைச் செய்தாலும் எந்திரத்தை மூடுவதற்கு முன்பே செய்ய வேண்டும்.

அவன் சொல்லக் கேட்டுவிட்டுத் தச்சர், “இருக்கட்டும் தம்பி, பலகையில்தானே துளை போடப் போகிறேன், இதுவே போதும்” என்று எடுத்துச் செல்லவும் கூடும். பேரிங் அதேதான். நான்கு அடிகளும் அவையேதான்.