குடத்துக்குள் மோதிரம்

எங்கள் கல்யாண வீடியோவில் ஒரு காட்சி உண்டு. தண்ணீர்க் குடத்துக்குள் ஒரு மோதிரத்தைப் போட்டு, மாப்பிள்ளையையும் பெண்ணையும் ஒரே நேரத்தில் கைவிட்டுத் தேடச் சொல்வார்களே, அந்த விளையாட்டு. மூன்று முறையும் நான்தான் ஜெயித்தேன். சொந்தக்காரர்கள் கைதட்டினார்கள். அதற்கு முன் நானும் அவளும் ஒரு மணி நேரம்கூடத் தனியாகப் பேசியதில்லை. பேச்சு வராத இடத்தில் முதலில் கைகளாவது சந்திக்கட்டும் என்று யாரோ ஒரு கெட்டிக்காரக் கிழவி செய்துவைத்த ஏற்பாடாக இருக்க வேண்டும்.

ஏழு வருடம் ஆகிவிட்டது. மகளுக்கு நான்கு வயது. இரண்டாவது குழந்தையைப் பற்றி எங்களைத் தவிர எல்லோரும் பேசிக்கொண்டிருந்தார்கள்: என் அம்மா, அவள் அம்மா, மாடி வீட்டு அக்கா. நாங்கள் பேசினால் இரண்டு நிமிடத்தில் முடிந்துவிடும். ‘என்ன பண்ணலாம்?’ என்பேன். ‘உனக்கு எப்படித் தோணுது?’ என்பாள். எனக்குத் தோன்றுவதைச் சொல்வேன். ‘சரி, பாப்போம்’ என்பாள். அந்தப் ‘பாப்போம்’ சம்மதமா மறுப்பா என்று நான் கேட்டதே இல்லை. கேட்காமல் இருப்பது வசதியாக இருந்தது.

ஆபீஸில் இதே நோய்க்கு ஒரு மருந்து வைத்திருக்கிறோம். ஒரு வேலை எவ்வளவு பெரிது என்று மதிப்பிட ‘பிளானிங் போக்கர்’ ஆடுவோம். 2002இல் ஜேம்ஸ் கிரென்னிங் என்பவர் எழுதிவைத்த முறை. ஒவ்வொருவர் கையிலும் 0, 1, 2, 3, 5, 8 என்று எண் போட்ட சீட்டுகள். ஆளுக்கு ஒன்றைக் கவிழ்த்து வைத்து, எல்லோரும் ஒரே நேரத்தில் திருப்ப வேண்டும். லீட் முதலில் ‘மூணு’ என்று சொல்லிவிட்டால், எட்டு என்று நினைத்திருந்த புதுப்பையன் வாயில் நான்குகூட வராது. அதற்காகத்தான் இந்த ஒரே நேரம். பிறகு மிகப் பெரிய எண்ணும் மிகச் சிறிய எண்ணும் வைத்தவர்கள் காரணம் சொல்வார்கள். மற்றவர்கள் கேட்டுக்கொள்வார்கள். மறுபடி ஆடுவோம். இரண்டு மூன்று சுற்றில் எண்கள் நெருங்கிவிடும்.

எங்கள் வீட்டில் லீட் நான்தான் என்று புரிய எனக்கு நாளாயிற்று.

ஒரு சனிக்கிழமை இரவு, மகள் தூங்கியபின் சீட்டுகளை எடுத்தேன். ‘ஆபீஸ இங்கயும் கொண்டாந்தாச்சா?’ என்று சிரித்தாள். முதல் கேள்வி: இன்னும் எத்தனை குழந்தை? திருப்பினோம். நான் 1. அவள் 0.

விதிப்படி காரணம் சொன்னாள். பிரசவத்துக்குப் பிறகு மாதக்கணக்கில் ஜன்னல் கம்பியைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தது. மறுபடி வேலைக்குப் போனபோது, தான் வேலை சொல்லிக்கொடுத்த பெண்ணே தனக்கு மேனேஜராக இருந்தது. அதெல்லாம் நான் பக்கத்து அறையில் இருந்த நாட்கள்தான். அடுத்து என் முறை. ஒற்றைப் பிள்ளையாக வளர்ந்த தனிமையைச் சொன்னேன். மகளுக்கு அது வேண்டாம் என்றேன். கொஞ்சம் நன்றாகவே சொல்லிவிட்டேன் போல. இரண்டாவது சுற்றில் அவளும் 1 வைத்திருந்தாள்.

ஒரு நிமிடம் சந்தோஷப்பட்டேன். ‘ஏன் மாத்திட்ட?’

‘நீங்க சொல்றப்ப பாவமா இருந்துச்சு.’

‘நீங்க’ என்பது என் அம்மா முன்னால் மட்டும் வருகிற மரியாதை. கதவைச் சாத்திய அறைக்குள் அவள் என்னை அப்படிச் சொல்லி வருடங்கள் ஆகின்றன. என் முகம் மாறியதைப் பார்த்து அவளே சொன்னாள்: ‘கல்யாணத்துல அந்த மோதிரம், மூணாவது வாட்டி எனக்குத்தான் கெடச்சுது. உன் கையில தள்ளிவிட்டேன். எல்லாரும் பாத்துட்டு இருந்தாங்கல்ல.’

வேலையை மதிப்பிடும்போது எண்கள் நெருங்குவது நல்ல அடையாளம். வேலையை முடித்ததும் உண்மையான அளவு தெரிந்துவிடும். அந்த வேலையை எல்லோரும் பகிர்ந்து செய்வோம். குழந்தை விஷயத்தில் ஓட்டு ஆளுக்கு ஒன்று, சுமப்பது ஒரு உடம்பு. அப்படியிருக்கும்போது சம ஓட்டு நியாயமா? நாட்டின் வறுமைக்காகவோ ஆரோக்கியத்துக்காகவோ அல்ல, பெண்ணின் விடுதலைக்காகவே கர்ப்பத்தடை வேண்டும் என்று பெரியார் 1930களிலேயே வாதிட்டார். கல்லூரியில் படித்துத் தலையாட்டியவன்தான் நான். ஆனாலும் அவளுடைய பூஜ்யத்துக்குக் காரணம் கேட்டேன். காரணம் சொன்னால் அதற்குப் பதில் சொல்ல முடியும். பதில் சொல்வதில் எனக்குப் பயிற்சி அதிகம்.

ஆகவே விதியை மாற்றினோம். இந்தக் கேள்வியில் அவள் வைக்கும் பூஜ்யத்துக்குக் காரணம் வேண்டாம், இரண்டாவது சுற்றும் கிடையாது. என் ஆசை பொய்யாகிவிடவில்லை. அதைச் சொல்ல ஆட்டம் இடம் கொடுத்தது. அதை வைத்து ஜெயிக்கத்தான் இடம் இல்லை. ‘வாழ்க்கை விஷயத்தையெல்லாம் விளையாட்டாக்கிட்டியேடா’ என்றான் நண்பன். அந்த விளையாட்டு இல்லையென்றால் அவளுடைய முதல் 0 எனக்குத் தெரிந்தே இருக்காது.

அடுத்த சனிக்கிழமை இரண்டாவது கேள்வி: இனி வேண்டாம் என்றால், ஆபரேஷன் யாருக்கு? ஆளுக்கொரு தாளில் பெயர் எழுதி, கவிழ்த்து வைத்து, ஒரே நேரத்தில் திருப்பினோம்.

இரண்டிலும் அவள் பெயர்.

கருத்து வேறுபாட்டைக் கண்டுபிடிக்க ஆடுகிற ஆட்டம் அது. என்னைப் பயமுறுத்தியது ஒற்றுமை. நாங்கள் அதைப் பற்றி ஒரு வார்த்தை பேசியதில்லை. ஆண்களுக்கான வாசக்டமி வயிற்றைத் திறக்காமல், மரத்துப்போக ஊசி போட்டுச் சில நிமிடங்களில் முடிவது, பெண்களுக்கான ஆபரேஷனைவிட ஆபத்துக் குறைந்தது என்பது இருவருக்கும் தெரியும். தெரிந்தும் எழுதினோம். 2019-21இல் நடந்த தேசியக் குடும்ப நல ஆய்வின்படி, இந்தியாவில் 15 முதல் 49 வயது வரையுள்ள மணமான பெண்களில் 37.9 சதவீதம் பேர் கருத்தடை ஆபரேஷன் செய்துகொண்டவர்கள்; கணவர் செய்துகொண்டது 0.3 சதவீதம். நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77இல் மட்டும் 80 லட்சத்துக்கும் மேற்பட்டோருக்கு ஆபரேஷன் நடந்தது. பெரும்பாலோர் ஆண்கள், பலருக்குக் கட்டாயமாக. அந்தக் கோபம் ஆட்சியையே அசைத்த பிறகு அரசின் பார்வை பெண்கள் பக்கம் திரும்பியது. நான் பிறப்பதற்கு முன்பே முடிவான ஒன்றை என் சொந்த எண்ணம் என்று நினைத்து எழுதியிருக்கிறேன்.

சீட்டைக் கவிழ்த்து வைத்தால் புருஷனிடமிருந்து பெண்டாட்டியின் பதிலைக் காப்பாற்றலாம். எங்கள் இருவருக்கும் நடுவில் சம்மணம் போட்டு உட்கார்ந்திருக்கும் ஊரிடமிருந்து காப்பாற்ற முடியாது. ஆனால் ஊர் உட்கார்ந்திருப்பதைக் காட்டியது இந்த ஆட்டம்தான்.

போன வாரம் ஒரு மருத்துவமனைக்குப் போய், ஆண்களுக்கான ஆபரேஷன் பற்றி விசாரிக்க வேண்டும் என்றேன். கவுன்ட்டரில் இருந்தவர் பரிவோடு கேட்டார்: ‘ஏன் சார், வீட்டம்மாவுக்கு உடம்பு ஏதும் முடியலையா?’

வீட்டுக்கு வந்து சொன்னதும் விழுந்து விழுந்து சிரித்தாள். ‘நீ என்ன சொன்ன?’

‘நல்லாத்தான் இருக்காங்க, நல்லா இருக்கணும்னுதான் வந்தேன்னு சொன்னேன்’ என்றேன். உண்மையில் அப்படியெல்லாம் சொல்லவில்லை. டோக்கனை வாங்கிக்கொண்டு, யாருக்கும் தெரிந்த முகமாக இருந்துவிடக் கூடாதே என்று ஓரமாகப் போய் உட்கார்ந்தேன்.