வெள்ளை உடுத்திய குரல்

மைக் இல்லாத நாடகக் கொட்டகை. கடைசி வரிசையில் தரையில் உட்கார்ந்திருப்பவருக்கும் ஒவ்வொரு சொல்லும் தெளிவாகக் கேட்க வேண்டும். கொடுமுடியில் 1908-ல் பிறந்த கே.பி. சுந்தராம்பாள் தேறியது அந்தப் பள்ளியில்தான்.

‘வள்ளி திருமண’த்தில் எஸ்.ஜி. கிட்டப்பா வேலன், இவர் வள்ளி. உச்சஸ்தாயியில் ஒருவர் விட்ட இடத்தை மற்றவர் பிடிக்க வேண்டும், தயங்கினால் கூட்டம் விடாது. காதலித்து மணந்த கிட்டப்பா 1933-ல் மறைந்தபோது சுந்தராம்பாளுக்கு வயது 25.

வெள்ளைக் கதருக்கு மாறினார். எந்த ஆணுக்கும் ஜோடியாக நடிப்பதில்லை என்று தீர்மானித்தார். ஒரு நடிகைக்கு அது தொழிலையே முடக்கிவிடக்கூடிய முடிவு. அவரோ 1935-ல் ‘நந்தனார்’ படத்தில் ஆண் வேடமே ஏற்று, அதற்கு ஒரு லட்ச ரூபாய் சம்பளமும் பெற்றார்!

1951-ல் சென்னை மேலவை உறுப்பினர். 1953-ல் எஸ்.எஸ். வாசனின் ‘ஔவையார்’.